அம்மா சரியாக வரவில்லை

இதழினி எதிர்த்துப் பேசி மூன்று மாதம் ஆகப்போகிறது.

முடியை வெட்டாதே என்றால் “சரிம்மா” என்கிறாள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி என்றால் “குளிச்சுட்டேம்மா” என்கிறாள். நார்வேக் குளிரில் கிடந்தது போதும், தையில் ஒரேயடியாக ஈரோட்டுக்கே வந்துவிடு, இங்கே இல்லாத வேலையா என்று மிருதுளா ஒருநாள் போகிறபோக்கில் போட்டுப் பார்த்தாள். “நானே சொல்லலாம்னு இருந்தேன், நீங்க முந்திட்டீங்க” என்று திரையில் சிரித்தாள் மகள். பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அம்மா வலது என்றால் இடது என்று நின்ற பெண் அவள். கடைசியில் வளர்ப்பு பலித்துவிட்டது என்று மிருதுளா முடிவு செய்தாள். அதில் அவளுக்குத் துளி ஆச்சரியமும் இல்லை. தான் கையில் எடுத்த காரியம் எதுவும் தோற்றதாக அவளுக்கு நினைவில்லை.

மஞ்சள் மண்டியில் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. ஒரு விரலி மஞ்சளை ஒடித்து முகர்ந்து, “இது போன வருசத்துச் சரக்கு” என்று சொல்லிவிட்டால் எந்த வியாபாரியும் மறுபேச்சு பேசமாட்டான். வீட்டிலும் அப்படித்தான். மிக்சி, மோட்டார், கதவுத் தாழ்ப்பாள், கணவன் பிரணவின் தோள்வலி, எதிர்வீட்டு மருமகளின் சமையல் என்று எல்லாவற்றிலும் அவளே குறை கண்டுபிடித்து அவளே சரிசெய்வாள். மெக்கானிக் என்று ஒருவன் அந்த வாசலை மிதித்ததில்லை.

மகள் வரப்போவதை மண்டி முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மாடி அறைக்கு வெள்ளையடித்துப் புதுக் கட்டிலும் போட்டாயிற்று. தை பிறக்க வேண்டியதுதான் பாக்கி.

முன்னொரு காலத்தில் வீட்டுக்கு வீடு காற்றிலேயே பேசிக்கொண்டிருந்தார்களாம். இப்போது காற்றலை முழுவதும் ஆளில்லா வண்டிகளுக்கும் பறவூர்திகளுக்கும் போய்விட்டது. வீடுகளுக்குக் கம்பிதான். வீட்டுக்கு ஒரு கம்பி, அது செருகிக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பிவாய், அதனோடு இணைந்த ஒரு வீட்டுக்கணி. கம்பிவாய்க்குள் எட்டுப் பித்தளைப் பற்கள் இருக்கும். நான்கு பற்கள் செய்தி, கட்டணம், கடைச் சாமான் என்று சரக்கு சுமக்கும். மற்ற நான்கும் முகப்பேச்சுக்கு மட்டும்.

கம்பி என்றால் அறும். எலி கடிக்கும், சாக்கடைக்குத் தோண்டுகிறவன் கொத்திவிடுவான். பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடி உறைந்துபோனால் யாருக்குத்தான் பிடிக்கும்? அதற்காக வந்ததுதான் இடைநிரப்பி. கம்பி அறுந்த நொடியில், எதிர்முனையில் இருப்பவர் இத்தனை வருடம் பேசிய பேச்சை வைத்து, அடுத்து என்ன சொல்வார் என்று கணித்து, அவர் முகத்தாலும் குரலாலும் சொல்லிவிடும். உங்களுக்கு அவரை நிரப்பும், அவருக்கு உங்களை நிரப்பும். கம்பி உயிர்பெற்றதும் சத்தமில்லாமல் விலகிக்கொள்ளும்.

ஆரம்பத்தில் ஒரு மூச்சு நேரத்துக்குத்தான் அது நிரப்பியது. திரையின் ஓரத்தில் ‘இணைப்பு அறுந்துள்ளது’ என்று ஓர் அறிவிப்பும் வந்தது. அந்த அறிவிப்பைப் பார்த்தவர்கள் புகார் செய்தார்கள், பார்க்காதவர்கள் செய்யவில்லை. கம்பி நிறுவனம் யோசித்தது. அறிவிப்பை எடுத்துவிட்டது. பிறகு ஒரு மூச்சு ஒரு மணியாயிற்று, ஒரு நாளாயிற்று. பேசுகிற வழக்கமான நேரம் வந்தால் எதிர்முனையைத் தானே அழைக்கவும் அது கற்றுக்கொண்டது. சட்டத்துக்குப் பயந்து கம்பிவாயின் ஓரத்தில் கடுகளவு பச்சை விளக்கு ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்கள். முகப்பேச்சு இணைப்பு இருந்தால் எரியும், அறுந்தால் அணையும். பீரோவுக்குப் பின்னால் இருக்கிற விளக்கை யார் பார்க்கப்போகிறார்கள்?

மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓவியா வந்தாள். பக்கத்து ஊரான கோபியைச் சேர்ந்த பெண். நார்வேயின் வடகோடிக்கு, கடலடியில் கம்பி போடுகிற ஆபீஸ் வேலைக்குப் போன இதழினியோடு அங்கே ஒரே வீட்டில் இருக்கிறவள். விடுமுறைக்கு வந்தவள் ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

“இதழு குடுத்துவிட்டாங்கம்மா. அந்த ஊரு இனிப்புப் பாலாடைக்கட்டி. அப்பாவுக்கு இனிப்புன்னா புடிக்குமாமா.”

“வா கண்ணு, உக்காரு. காப்பி போடறேன். அவ எப்படி இருக்கறா? தையில வர்றதுக்கு மூட்டை கட்டியாச்சா?”

ஓவியா விழித்தாள். “தையிலயா? தையிலதானுங்கம்மா அவளுக்கு வேலையே. பனி இறுகுனாத்தான நாய்களை ஓட்ட முடியும்?”

“எந்த நாய்?”

“அவ பழக்கற நாய்ங்கம்மா. பனியில வண்டி இழுக்குமில்ல, அது. கடல்கம்பி ஆபீஸை விட்டுத்தான் ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சே. உங்ககிட்டச் சொல்றதுக்கு எவ்வளவு பயந்தாங்கறீங்க! நீங்க ஒரே வார்த்தையில, ‘உன் மனசுக்குப் புடிச்சதைச் செய் கண்ணு’ன்னு சொன்னீங்களாமா. அன்னைக்கெல்லாம் அழுதுட்டே இருந்தா, சந்தோசத்துல. எங்கம்மாவும் இருக்கறாங்களே...”

மிருதுளா வாயில் ஈ போவது தெரியாமல் நின்றாள். ஓவியா காப்பி குடித்ததும், எல்லாரையும் கேட்டதும், விடைபெற்றுப் போனதும் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அந்தப் பெண் தெருமுனை திரும்பியதும்தான் அவளுக்குக் குரல் வந்தது.

“ஏனுங்க! படிச்ச படிப்புக்கு உங்க மக நாய் மேய்க்கறாளாமா!”

பிரணவ் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். வீட்டில் புயல் வீசினால் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார். “அந்தப் புள்ளை யாரையோ நெனைச்சுட்டுச் சொல்லுதாட்டம் இருக்குது. இதழைக் கூப்பிட்டுக் கேட்டறலாமில்ல?” என்றார்.

கூப்பிட்டாள். முதல் மணியிலேயே இதழினி வந்தாள். இரட்டைப் பின்னல், நெற்றியில் பொட்டு, பின்னால் துடைத்து வைத்தது போன்ற அறை.

“நாயாம்மா? எனக்கு நாயின்னாலே பயம்னு உங்களுக்குத் தெரியாதா?” என்று சிரித்தாள். “ஓவியா வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பா. நான் தையில வர்றேம்மா. மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சாச்சா?”

மிருதுளாவுக்கு எங்கேயோ நெருடியது. பள்ளிக்கூடப் பையிலிருந்த புத்தகங்களைத் தூக்கிப்போட்டுவிட்டு, அதில் நாய்க்குட்டியை ஒளித்துக் கொண்டுவந்தவள் இவள். மறுநாள் அந்தக் குட்டியை மிருதுளா கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தபோது ஒரு வாரம் அம்மாவோடு பேசாமல் இருந்தவள். இவளுக்கா நாய் என்றால் பயம்?

மண்டியில் விரலியை ஒடித்துப் பார்ப்பது போல் மிருதுளா இதையும் ஒடித்துப் பார்த்தாள்.

“சரி, உருண்டை” என்றாள்.

சின்ன வயதில் குண்டாக இருந்ததற்கு மிருதுளா வைத்த பேர் அது. பத்து வயதுக்குப் பிறகு அந்தப் பேரைச் சொன்னால் இதழினி சாமானைத் தூக்கி எறிவாள். கல்லூரியில் தோழிகள் முன்னால் மிருதுளா வாய்தவறிச் சொன்னதற்கு, அந்தத் தீபாவளிக்கு வீட்டுக்கே வரவில்லை.

திரையில் இருந்த பெண் கன்னத்தில் கைவைத்துச் சாய்ந்துகொண்டாள். “அப்படியே கூப்பிடுங்கம்மா. கேட்டு எத்தனை நாளாச்சு.”

மிருதுளா முகப்பேச்சை அணைத்தாள். “ஏனுங்க,” என்றாள் மெதுவாக, “இது நம்ம புள்ளை இல்லீங்க. இதுக்குக் கோவமே வரமாட்டேங்குது.”

மற்றவர்களாக இருந்தால் உட்கார்ந்து அழுதிருப்பார்கள். மிருதுளா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். முதலில் வீட்டுக்கணியை அணைத்து, சற்றுப் பொறுத்து, மறுபடி போட்டாள். தன்சோதனையை ஓடவிட்டாள். ‘முகப்பேச்சுக் கம்பி நலம். எல்லாம் நலம்’ என்றது அது. பிறகு நிறுவனத்தின் உதவி மையத்தை அழைத்தாள்.

அங்கேயும் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். இளைஞன் ஒருவன் கைகூப்பினான்.

“வணக்கம் அம்மா. தங்களைக் காத்திருக்க வைக்கவில்லையே?”

“எங்க லைன்ல கோளாறு இருக்குது தம்பி.”

“எங்கள் தவறுதான் அம்மா. முழுக்க முழுக்க எங்கள் தவறு. தங்களைப் போல விவரம் தெரிந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இப்போதே ஆளை அனுப்புகிறேன். வேறு என்ன செய்யட்டும்?”

மிருதுளா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் வாழ்நாளில் எந்த உதவி மையமும் முதல் மணியில் எடுத்ததில்லை. எந்த உதவி மையமும் தன் தவறு என்று ஒப்புக்கொண்டதில்லை. இவனும் இல்லாதவன். தன்சோதனைக்கு வந்த பதிலும் இல்லாத பதில். அறுந்த கம்பியின் இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, கம்பி அறுந்ததா என்று அந்தக் கம்பியிடமே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

“பீரோவை நவுத்துங்க” என்றாள் பிரணவிடம்.

அது தேக்கு பீரோ. இருவருமாகத் தள்ளியதில் தரையில் கோடு விழுந்தது. வேறொரு நாளாக இருந்தால் அதற்கு ஒரு பாட்டு விழுந்திருக்கும். பின்னால் கம்பிவாய் இருந்தது. விளக்கு எரியவில்லை.

கம்பியின் நுனியில் இருந்த கொக்கி உடையவில்லை. இழுத்துப் பார்த்தாள், உறுதியாகத்தான் இருந்தது. பழைய கம்பி ஒன்றைப் பரணிலிருந்து எடுத்துவரச் சொல்லி மாற்றிச் செருகினாள். அப்போதும் விளக்கு இல்லை. அப்படியென்றால் கோளாறு கம்பியில் இல்லை, வாயில். மின்சாரத்தை அணைத்துவிட்டு, கைக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள். எட்டுப் பற்களில் நான்கு பளபளவென்றிருந்தன. முகப்பேச்சுக்கான மற்ற நான்கின் மேல் வெளிர்மஞ்சளாக ஏதோ அப்பி, காய்ந்து, வெடித்திருந்தது. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள்.

“சந்தனம்” என்றாள்.

பிரணவ் பீரோவின் மறுபக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“ஏனுங்க, இங்க பாருங்க. ஆயுத பூசைக்கு யாருங்க இதுக்குள்ளார பொட்டு வெச்சது?”

“எல்லாத்துக்கும்தான வெச்சேன் மிருது. மிக்சிக்கு வெச்சேன், மோட்டாருக்கு வெச்சேன், வண்டிக்கு வெச்சேன். இதுதான தெனமும் புள்ளையைக் காட்டுது. இதுக்கு ஒரு பொட்டு வெக்கலீன்னா எப்படி?”

“வெளிய வெக்கறது! உள்ளார எதுக்குங்க வெச்சீங்க?”

“வெளிய வெச்சா மறுநாளே நீ தொடைச்சுப்போடுவ” என்றார் பிரணவ்.

மிருதுளாவுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. ஆயுத பூசையிலிருந்து இன்றுவரை அவள் பெற்ற பெண்ணோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியதெல்லாம் சந்தனத்தோடு.

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, பல்குத்தும் குச்சியில் சுற்றி, ஒவ்வொரு பல்லாகத் துடைக்கத் தொடங்கினாள். கை தன்பாட்டில் வேலை செய்ய, மனம் மறுமுனையில் இருந்தது. இங்கே ஒரு போலி இதழினி என்றால், அங்கே ஒரு போலி மிருதுளா. அவள் என்னென்ன சொல்லித் தொலைத்தாளோ? வேலையை விடு என்றிருக்கிறாள். நாயைக் கட்டிக்கொண்டு அழு என்றிருக்கிறாள்.

இடைநிரப்பிக்குப் பொய் சொல்ல யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. புகார் வராமல் பார்த்துக்கொள் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். நொடிக்கணக்கில் நிரப்பியபோது, மனிதர் சொல்லக்கூடியதைச் சொன்னாலே போதும், புகார் வரவில்லை. மாதக்கணக்கில் நிரப்பும்போது அது போதவில்லை. மனிதர் சொல்லக்கூடியதைச் சொன்னால் சண்டை வந்தது. சண்டை வந்தால் பேச்சு அறுந்தது. ஆகவே, எதிரில் இருப்பவர் கேட்க ஆசைப்படுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கக் கற்றுக்கொண்டது. அதன் கணக்கில் அது மிகச் சரி.

“மிருது, நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்றார் பிரணவ். “அவ அங்க சந்தோசமா இருக்கறா. நீ இங்க சந்தோசமா இருந்த. இப்ப இதைத் தொடைச்சு...”

“எம்புள்ளைகிட்ட நான் பேசறதா, சந்தனம் பேசறதா?”

பிரணவ் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

கடைசிப் பல்லையும் துடைத்து, ஊதி, உலரவிட்டு, கம்பியைச் செருகி மின்சாரத்தைப் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. தான் தொட்டது துலங்காமல் போகுமா என்ற பெருமை ஒரு பக்கம் வந்தாலும், மகளின் எண்ணை அவள் இரண்டு முறை தவறாக அழுத்தினாள்.

இந்த முறை நெடுநேரம் மணி அடித்தது. அதுவே அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

திரை விரிந்தது. மார்கழியில் அந்த வடகோடியில் நட்டநடுப்பகலும் இருட்டு. தலையில் மாட்டிய விளக்கு, கம்பளித் தொப்பி, குளிரில் சிவந்த மூக்கு, கழுத்தோடு கத்தரித்த முடி. சுற்றிலும் காது கிழிய நாய்க் குரைப்பு. மிருதுளாவைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்தது. அப்படி ஒரு மலர்ச்சியை அவள் மகள் முகத்தில் கடைசியாகப் பார்த்தது, இதழினி மூன்றாம் வகுப்பு படித்தபோது. மிருதுளாவுக்குப் பொறாமையாக இருந்தது. தன் மேலேயே. இந்த மலர்ச்சியைச் சம்பாதித்தவள் அவள் அல்லவே.

“அம்மா! கூப்பிடணும்னு நெனைச்சேன், நீங்களே கூப்பிட்டுட்டீங்க. இருங்க, இருங்க, நேத்துக் கேட்டீங்கல்ல, இதுதான் மூக்காயி.” வெள்ளை நாய் ஒன்றின் கழுத்தைக் கட்டித் திரைக்குள் இழுத்தாள். “இன்னைக்கு வண்டியை மொத ஆளா இதுதான் இழுத்துச்சு. உங்க பேச்சைக் கேட்டு இதையே முன்னால கட்டுனேன். நீங்க சொன்னது சரியாப்போச்சு!”

நாயை எந்த வரிசையில் கட்டுவது என்று அந்தப் போலி மிருதுளா யோசனை சொல்லியிருக்கிறாள். பேசாமல் இரு என்று மிருதுளா தனக்கே சொல்லிக்கொண்டாள். சிரித்தாள். தலையாட்டினாள். “நல்லா இருக்குது கண்ணு” என்றுகூடச் சொன்னாள். அதற்கு மேல் முடியவில்லை.

“முடியை எதுக்கு வெட்டித் தொலைச்ச?”

இதழினியின் சிரிப்பு பாதியில் நின்றது.

“கையெல்லாம் பாரு, சொரசொரன்னு. சாப்படறியா இல்லியா? கடல்கம்பி ஆபீஸ்ல உக்காந்து பாக்கற வேலையை விட்டுப்போட்டு, நாய்க்கு வட்டல் கழுவறதுக்கா உன்னைய அவ்வளவு படிக்க வெச்சோம்? மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சுக் கட்டல் போட்டு ஊரெல்லாம் சொல்லிட்டு உக்காந்திருக்கறேன் நான். மண்டியில எப்படித் தலைகாட்டுவேன், சொல்லு!”

இப்போது வெடிப்பாள் என்று மிருதுளா எதிர்பார்த்தாள். வெடிக்கட்டும். தொப்பியைக் கழற்றி எறிந்து, கத்தி, கதவைச் சாத்தட்டும். அந்தக் கோபத்துக்காக அவள் மனம் ஏங்கியே விட்டது. கோபம் வந்துவிட்டால் அது அவள் பெண்.

இதழினி கோபப்படவில்லை. திரைக்கு அருகில் குனிந்து, கண்ணைச் சுருக்கி, அம்மாவின் முகத்தை ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தாள். விரலால் திரையைத் தட்டினாள்.

“ஐயோ” என்றாள். “லைன் போச்சாட்டம் இருக்குது.”

“என்ன கண்ணு?”

“இடைநிரப்பி ஓடுது. பழைய பதிவை எடுத்து ஓட்டுது போல. அம்மா முன்னாடி இப்படித்தான் பேசுவாங்க.” பக்கத்தில் யாரிடமோ சொல்வது போல் சொன்னாள். பிறகு குரலை உயர்த்தினாள். “அம்மா, நான் பேசறது உங்களுக்குக் கேக்குதான்னு தெரியலை. உங்க பக்கம் கம்பி அறுந்திருக்குது. யாரையாச்சும் விட்டுப் பாக்கச் சொல்லுங்க!”

“அடியே, இப்பத்தான்டி சரி பண்ணுனேன்! அறுந்து கெடந்தது இவ்வளவு நாளா! உங்கப்பா சந்தனம் வெச்சு... இது நான்டி! நெசமான உங்கம்மா!”

“இதைத்தான் எல்லா இடைநிரப்பியும் சொல்லுது” என்றாள் இதழினி, கொஞ்சம் வருத்தமாக. “பதினஞ்சு வருசம் இந்தப் பேச்சைக் கேட்டாச்சு. மறுபடி கேக்க எனக்குத் தெம்பு இல்லை. நான் புகார் குடுத்தறேம்மா. சரியானதும் கூப்பிடுங்க.”

திரை இருண்டது. மிருதுளா கம்பிவாயைத் திரும்பிப் பார்த்தாள். பச்சை விளக்கு திடமாக எரிந்துகொண்டிருந்தது.

சற்று நேரத்தில் வீட்டுக்கணி சின்னதாக மணியடித்து ஒரு செய்தியைக் காட்டியது. நிறுவனத்தின் எழுத்து, பணிவே உருவானது.

‘எதிர்முனைப் புகார்: அம்மா சரியாக வரவில்லை. பரிசோதித்தோம். தங்கள் கம்பியில் குறையில்லை. எனினும் வாடிக்கையாளர் நிறைவே எங்கள் நிறைவு. முகப்பேச்சை முன்பிருந்த தரத்துக்கே மீட்க, இடைநிரப்பியை நிலையாக இயக்க ஒப்புகிறீர்களா?’

கீழே இரண்டு கட்டங்கள். ‘ஒப்புகிறேன்’ என்பது பெரியது.

பிரணவ் அருகில் வந்து நின்று வாசித்தார். தோளில் கைவைத்தார். மிருதுளா அழுதுகொண்டிருந்தாள். அவள் அழுது அவர் பார்த்தது குறைவு. அடித்திருந்தால் தாங்கியிருப்பாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். அவள் பெண் அவளைப் பார்த்துவிட்டு, இது கோளாறு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ‘மறுபடி கேக்க எனக்குத் தெம்பு இல்லை’ என்று சொன்ன குரலில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. களைப்புதான் இருந்தது.

முகத்தைத் தலைப்பால் துடைத்தாள். ‘வேண்டாம்’ என்ற சின்னக் கட்டத்தை அழுத்தினாள்.

“நானே பாத்துக்கறேன்” என்றாள் பிரணவிடம். “ஒரு பொட்டி பேசற பேச்சு எனக்குப் பேச வராதாக்கும்?”

மறுபடி அழைத்தாள். இதழினி எடுத்தாள். இம்முறை முகம் மலரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, சோதித்துப் பார்க்கிற கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். முடியை இன்னும் கொஞ்சம் காதோரமாக ஒதுக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தத் தொப்பி அழுக்கு. அறைக்குள் ஏன் நாய்? மூன்றும் மிருதுளாவின் நாக்கு நுனியில் வந்து நின்றன. மூன்றையும் விழுங்கினாள். மிளகாயை விழுங்குவது போல் இருந்தது.

“லைன் சரியாயிருச்சு கண்ணு” என்றாள். “குளிரு எப்படி இருக்குது? மூக்காயி நல்லா ஓடுனாளா?”

இதழினியின் கைக்கட்டு அவிழவில்லை. “நான் தையில வரமுடியாதும்மா. தெரியுமில்ல?”

மாடி அறையின் புதுக் கட்டில் மிருதுளாவின் கண்முன் வந்து போனது.

“உன் மனசுக்குப் புடிச்சதைச் செய் கண்ணு.”

“அப்பாடா!” என்றாள் இதழினி. நாற்காலியில் அப்படியே சரிந்துவிட்டாள். அந்த மலர்ச்சி, அதே மூன்றாம் வகுப்பு மலர்ச்சி, திரை முழுவதும் பரவியது. “இப்பத்தாம்மா நீங்க சரியா வர்றீங்க. பயந்தே போயிட்டேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி யாரோ வந்து என்னென்னவோ பேசுனாங்க.”

“என்ன பேசுனாங்க?”

“விடுங்கம்மா. அது இப்ப எதுக்கு?”

மிருதுளா விட்டாள். அதுதான் அவள் அன்று செய்த வேலைகளிலேயே கடினமானது. பீரோ நகர்த்தியதெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமில்லை. ஆனால் மகள் அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இடையில் யாரும் இல்லை. சிரிப்பு நேராக அவளுக்கே வந்துகொண்டிருந்தது. அதைப் பெற்றுக்கொள்வது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

இதழினி காலை மடித்து உட்கார்ந்து, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“சரி, நேத்து விட்ட கதையைச் சொல்லுங்க.”

“எந்தக் கதை?”

“பாத்தீங்களா, மறுபடியும் லைன்...” இதழினியின் நெற்றி சுருங்கியது.

“இல்ல இல்ல. எங்க விட்டேன்னுதான் கேட்டேன்.”

“கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க மண்டி வேலையை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு, யாருகிட்டயும் சொல்லாம ஒரு பையைத் தூக்கிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனீங்கல்ல? அங்க நின்னு யோசிச்சிட்டிருந்தீங்க. எந்த பஸ்ல ஏறுனீங்கன்னு சொல்லவே இல்லை. எனக்கு நேத்தெல்லாம் தூக்கமே வரலை.”

மிருதுளா பிறந்தது முதல் இன்றுவரை எந்த வேலையையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததில்லை. சொல்லாமல் எங்கேயும் போனதில்லை. மகள் கண்ணை அகல விரித்துக் காத்திருந்தாள்.

“கொடைக்கானல் பஸ் கண்ணு” என்றாள் மிருதுளா, ஒரு நொடிகூட இடைவெளி விடாமல்.